மாதாவுக்கு ஒரு இழுப்பு

போல்ட் எவ்வளவு இழுவை தாங்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டு நான் இதைச் சொன்னால், அடுத்த நிமிடம் பேச்சு பந்தியில் என்ன பாயசம் என்பதற்குப் போய்விடும். எனக்கும் அது வசதிதான். போல்ட்டைப் பற்றிப் பேசி யாரும் உருப்பட்டதில்லை.

ஒரு காலத்தில் அந்த அளவை என்னைப் போன்ற பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இப்போது அளவன் சொல்கிறது. அளவன் ஆள் இல்லை, கணினி. நாட்டில் எந்த ஆலையில் எந்தக் குழாயை எதனோடு இணைத்தாலும், அந்த இணைப்பின் போல்ட்டுகளை எதுவரை முறுக்கலாம் என்று அது ஓர் எண் கொடுக்கும். பல பத்தாண்டுகளாகத் தொழிலாளர்கள் முறுக்கிப் பதிந்துவைத்த லட்சக்கணக்கான இணைப்புகளைப் படித்து அது கற்றுக்கொண்ட எண். அதை மீறி முறுக்கினால் ஜெயில். அளவுச் சட்டம் என்று பெயர். எங்கோ ஓர் ஆலையில் வெறி பிடித்தாற்போல் முறுக்கிய போல்ட்டுகள் அறுந்து ஒரு ஷிப்டே செத்த பிறகு வந்த சட்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன்.

சட்டத்துக்குப் பின்னாலேயே இயந்திரக் கைகள் வந்தன. அளவன் சொன்ன எண்ணுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் முறுக்கும் கைகள். தருவைக்குளம் அம்மோனியா ஆலையில் போல்ட் முறுக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய இணைப்புகளை எல்லாம் பிரித்து, புது போல்ட்டும் புது கேஸ்கெட்டும் வைத்து, கைகளை விட்டு மறுபடி முறுக்கினார்கள். பழைய போல்ட்டுகள் உருக்குவதற்குப் போய்விட்டன. பழைய ஆட்களில் பொன்னுலிங்கம் என்ற ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலையின் பெயர் பார்வையாளர். கை முறுக்குவதைப் பார்க்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. உறைகுளிர் அம்மோனியாவை மெல்ல விட்டுக் குழாய்களைக் குளிர்விக்கும் நாளில் இணைப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டும். ஸ்பேனர் கொண்டுபோகக் கூடாது.

குளிர்வித்த அன்று ஓர் இணைப்பு கசிந்தது. பொன்னுலிங்கம் அதன் பக்கத்தில்தான் நின்றார். முகமூடி போட்டிருந்தார். பீய்ச்சியடித்த அம்மோனியாவுக்கு முன்னால் அது வெறும் காகிதம்.

விசாரணைக் குழு போட்டார்கள். அதில் தொழில்நுட்ப உறுப்பினர் நான். என் பெயர் நாச்சியார். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அறம்வளர்த்தநாதன். அந்தப் பெயரை வைத்த பெற்றோர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆசையாக வைத்திருப்பார்கள்.

முதல் அமர்வில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாச்சியார், எனக்கு இந்த போல்ட் சமாசாரம் ஒண்ணும் தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டு குழாயோட வாயிலயும் தட்டு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும் சார். அதுதான் ஃபிளாஞ்சு. ரெண்டு தட்டுக்கும் நடுவுல வளையம் மாதிரி கேஸ்கெட். சுத்திவர போல்ட் போட்டு இறுக்கினா, கேஸ்கெட் நசுங்கி வாயை அடைச்சுக்கும்."

"குக்கர் மாதிரி."

"குக்கர்னே வச்சுக்கோங்க. கம்மியா இறுக்கினா கசியும். குளிர்ல எல்லாம் சுருங்கும்போது இன்னும் தளரும். அது கீழ் எல்லை. அதிகமா இறுக்கினா மூணுல ஒண்ணு போகும். போல்ட் அறும், இல்ல கேஸ்கெட் நசுங்கிக் கூழாகும், இல்ல தட்டு வளையும். இதுல எது முதல்ல போகுமோ அதுதான் மேல் எல்லை. ரெண்டு எல்லைக்கும் நடுவுல நிக்கணும்."

"அளவன் நடுவுலதானே நின்னுது?"

மேஜை மேல் இருந்த ஒலிபெருக்கி பதில் சொன்னது. அமர்வுக் குறிப்பை எழுதுவதும் அளவன்தான்; அதற்கு வானிலை அறிக்கை வாசிக்கும் குரல். "ஆம். நான் கொடுத்த எண் இரு எல்லைகளுக்கும் நடுவில் உள்ளது. அதே எண்ணுக்கு முறுக்கிய இணைப்பு சோதனைக்கூடத்தில் கசியவில்லை."

பொய்யில்லை. சோதனையை நடத்தியதே நான்தான். புது ஃபிளாஞ்சு, அதே கேஸ்கெட், அதே குளிர், அதே எண். ஒரு சொட்டு வரவில்லை. கசிந்த இணைப்பின் ஃபிளாஞ்சையும் அளந்து பார்த்தேன். அதன் விளிம்பு முடியளவு சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்தால் கேஸ்கெட்டின் வெளிப்பக்கம்தான் நசுங்கும், உள்பக்கத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. "விபத்தின்போது வளைந்தது" என்று அளவன் எழுதிவிட்டது. தலைவரும் சரி என்றுவிட்டார். இத்தனை வருடமாகக் கசியாத ஆலை, எண்ணை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றியதும் ஏன் கசிந்தது என்று என்னைத் தவிர யாருக்கும் உறுத்தவில்லை.

பழைய முறுக்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சந்தனராஜ். இப்போது ராமநாதபுரம் ரோட்டில் லாரி டயர் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். தேடிப் போனேன். உப்பு லாரி ஒன்றுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், கடப்பாரை போன்ற கை. என்னைப் பார்த்ததும், "இருங்க மேடம், இத முடிச்சிருதேன்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

டார்க் ரெஞ்சு என்பது அளவு வைத்து முறுக்கும் ஸ்பேனர். வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் கொடுக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். சந்தனராஜ் ஒரு நட்டை முறுக்கினார். கிளிக். நிறுத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் இழுப்பு இழுத்தார். அடுத்த நட்டு. கிளிக், அதற்குமேல் ஓர் இழுப்பு. சக்கரம் முழுக்க அப்படித்தான். கடைசி நட்டு முடிந்ததும் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"அது என்ன, கிளிக் வந்த பிறகும் ஒண்ணு?"

"பழக்கம் மேடம்" என்று சிரித்தார். "கிளிக்கு கம்பெனிக்கு, அடுத்த இழுப்பு மாதாவுக்கு. அப்படிச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கி விட்டாவ."

ஸ்டூலை விட்டு எழுந்தேன். "ஆலையிலயும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

சிரிப்பு நின்றது. அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "யாரு கேக்கா? நீங்களா, விசாரணையா?"

"இப்போதைக்கு நான்."

"எல்லா போல்ட்டுலயும் செஞ்சோம், சட்டம் வந்த பொறவும் விடல. எல்லாரும் செஞ்சோம். பொன்னுலிங்கம் சிவன் கோயிலுக்குப் போறவன், போல்ட்டுக்கு மட்டும் அவனுக்கும் மாதாதான். எழுதும்போது கம்பெனி சொன்ன அளவத்தான் எழுதுவோம். கூட எழுதுனா மாட்டிக்கிடுவோம்லா?"

அளவன் படித்த இணைப்புகள் எல்லாம் இவரைப் போன்றவர்கள் முறுக்கியவை. எழுதியது ஓர் எண், இழுத்தது வேறு. கசியாமல் காத்தது இழுப்பு, நல்ல பெயர் வாங்கியது எண். அந்த எண்ணைத்தான் அளவன் கற்றுக்கொண்டு, ஒரு நூல் பிசகாமல் கைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வளைந்த விளிம்பும் இப்போது புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் எதிரே இருந்தவர் மேல் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க செஞ்சது தப்பு."

"தெரியும் மேடம்."

"முழுசாத் தெரியாது. போல்ட் தாங்கிக்கிட்டுது, ஃபிளாஞ்சு தாங்கலை. ஒவ்வொரு தடவை பிரிச்சு முறுக்கும்போதும் உங்க மாதா இழுப்புல விளிம்பு கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சிருக்கு. சாஞ்ச தட்டுக்குக் கம்பெனி அளவு பத்தாது, கூட இழுத்தாத்தான் அடையும். கூட இழுத்தா இன்னும் சாயும்."

அவர் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "அப்போ நாங்க இழுத்ததாலதான் இழுக்க வேண்டி வந்துச்சுங்கிய."

"ஆமா."

"இப்போ மெஷினு ஒழுங்கா முறுக்கப் போயி, பொன்னுலிங்கம் செத்துட்டான்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேம்பார்ல எம் மவ இருக்கா மேடம்" என்றார்.

வேம்பார் ஆலையும் அதே கம்பெனியுடையது. அதே வயது ஃபிளாஞ்சுகள், வருடா வருடம் முறுக்கியதும் இதே குழு. அங்கேயும் கைகள் வந்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிவிட்டன. குளிர்விப்பதற்குத் தேதி குறித்தாகிவிட்டது. சந்தனராஜின் மகள் ஜெனிட்டா அங்கே பார்வையாளர். பொன்னுலிங்கம் நின்ற இடம்தான் அவளுக்கும் இடம்.

ஃபிளாஞ்சுகளைப் பிரித்து அளந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். பிரிக்க வேண்டுமென்றால் ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும். சோதனைக்கூடத்து ஆதாரம் அளவன் பக்கம் இருந்தது. பழைய போல்ட்டுகள் உருகிக் கம்பியாகிவிட்டன. மிச்சம் இருந்தது சந்தனராஜின் வாய் மட்டும்தான்.

"நீங்க குழு முன்னால வந்து சொல்லுங்க. வேம்பாருக்குத் தடை உத்தரவு வாங்கித் தரேன்" என்றேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"ஜெயிலுக்குப் போறது எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "பொன்னுலிங்கம் வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடணும். எங்க எல்லாருக்கும் சேத்துத்தான சொல்லப் போறேன்."

பொன்னுலிங்கத்தின் மனைவி செல்லக்கனி ஆலை குடியிருப்பில் இருந்தார். எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"ஆலை கேட்டுல அவிய போட்டோ மாட்டியிருக்காவ" என்றார் கடைசியில். "கடமையில் உயிர் நீத்தவர்னு எழுதி. ஷிப்டுக்குப் போறவிய வாறவிய எல்லாம் கும்பிட்டுட்டுத்தான் போறாவ. நீங்க போய்ச் சொன்னா அதக் கழட்டிருவாவ, இல்லா?"

"கழட்டுவாவ மதினி" என்றார் சந்தனராஜ்.

"உசுரோட இருந்தவரைக்கும் யாருகிட்டயும் ஒரு சொல் கேட்டதில்ல அவிய. செத்தபொறவு நீங்க கேக்க வைக்கப் போறிய."

"ஜெனிட்டா அங்க நிக்கா மதினி."

"உங்க மவ உசுரு உசுரு. எங்க வீட்டு மனுசன் பேரு மட்டும் குப்பையா?"

நாங்கள் குடிக்காத காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தோம். கார் கதவைத் திறக்கும்போது, "சொல்லத்தான் போறேன்" என்றார் சந்தனராஜ்.

குழுவின் முன் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எப்படிப் பழகினார்கள், எப்படி எழுதினார்கள், எந்தெந்த ஆலையில் முறுக்கினார்கள் என்று எல்லாம் சொன்னார். எழுந்து நின்று, இல்லாத ஸ்பேனரைப் பிடித்து இழுத்தும் காட்டினார்.

"அளவை மீறுறோம்னு தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரிஞ்சேதான் அய்யா. கசிஞ்சா எங்க ஆளுதான சாவான்னு செஞ்சோம்."

நான் உடனே வேம்பாருக்குத் தடை கேட்டு மனுவை நீட்டினேன். தயாராக அடித்து வைத்திருந்தேன், அவ்வளவு நம்பிக்கை.

ஒலிபெருக்கி பேசியது. "சாட்சி அளவு மீறலை ஒப்புக்கொண்டுள்ளார். அளவுச் சட்டப்படி, மீறலில் ஈடுபட்டவர் தரும் விவரம் தரவில் சேராது. தரவில் சேராத விவரத்தைக் கொண்டு ஆலையை நிறுத்த இயலாது."

எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. தலைவரைப் பார்த்தேன்.

"சார், அவர் சொன்னதை நம்பித்தானே அவரைக் குற்றவாளிங்கிறீங்க?"

"ஆமா."

"அப்போ அவர் சொன்னது உண்மை."

"தண்டனைக்கு உண்மை. அளவுக்கு உண்மை இல்லைம்மா" என்றார். கிண்டல் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "அந்த விதி எதுக்கு வந்ததுன்னு யோசிங்க. மீறினவன் எல்லாம் 'நான் மீறினேன், ஒண்ணும் ஆகலையே'ன்னு வந்து நிப்பான். அதை எல்லாம் சேத்துக்கிட்டா எல்லை ஏறிக்கிட்டே போகும். திரும்பவும் போல்ட் அறும், ஆள் சாவான். நியாயமான விதிதானே?"

நியாயமான விதிதான். அதுதான் கொடுமை. என்னை எழுதச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சந்தனராஜுக்கு இந்தப் பேச்சில் பாதி பிடிபடவில்லை. போலீஸ்காரர் தோளில் கை வைத்தபோது, "வேம்பாரு நின்னுருச்சா மேடம்?" என்று என்னைக் கேட்டார். நான் மனுவை மடித்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலமே தருவைக்குளம் கேட்டில் இருந்த பொன்னுலிங்கத்தின் போட்டோவை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் வேம்பாருக்குப் போனேன். ஜெனிட்டாவை ஆலைக்கு வெளியே டீக்கடையில் சந்தித்தேன். ஒல்லியான பெண், அப்பாவின் அகலமான உள்ளங்கை. எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"குளிர்விக்கிற அன்னிக்கு லீவு போட்டுரும்மா" என்றேன்.

"நா லீவு போட்டா ஷர்மிளா அக்கா நிப்பாவ. அவியளுக்குக் கைப்பிள்ள இருக்கு." டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "ஆரு லீவு போட்டாலும் இன்னொரு ஆளு நிக்கணும் மேடம். ரூல் அப்படி."

"மேலதிகாரிகிட்ட சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். உங்கப்பாவே ஒத்துக்கிட்ட குற்றவாளி, நீ அதப் பேசாதங்காவ." டம்ளரை வைத்தாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. மெஷினு முறுக்கி முடிச்ச பொறவு, இன்னும் எவ்வளவு இழுத்தா கசியாது?"

"ஜெனிட்டா."

"எண்ணு சொல்லுங்க மேடம். உங்க வேலையே அதுதான?"

சுற்றிப் பார்த்தேன். கடைக்காரர் பால் காய்ச்சுவதில் மும்முரமாக இருந்தார். "சொல்ல மாட்டேன்னு இல்ல, எண்ணே இல்ல. அந்த ஃபிளாஞ்சு சாஞ்சு போனதால கீழ் எல்லை ஏறிருச்சு. பலவீனம் ஆனதால மேல் எல்லை இறங்கிருச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டிருச்சு, நடுவுல நிக்க இடமே கிடையாது. கசியாத அளவுக்கு இழுத்தா ஃபிளாஞ்சு விரிசல் விடலாம். விடாமலும் போகலாம். புதுசா மாத்துறது ஒண்ணுதான் வழி."

"சும்மா நின்னா?"

"கசியும்."

"இழுத்தா?"

"தெரியாது."

"தெரியாதுங்கது பரவாயில்ல மேடம்" என்றாள். மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். "நீங்க இங்க வரவே இல்ல. நா உங்களப் பாக்கவும் இல்ல."

ஆலைக்குள் ஸ்பேனர் போகக் கூடாது என்று விதி. ஆனால் வேலியைப் போட்டது விதி இல்லை, ஆட்கள். எங்கே ஓட்டை என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். இயந்திரக் கைகளும் தாங்கள் முறுக்கியதைத்தான் பதிந்து அனுப்பும். அதன் பிறகு அந்த போல்ட்டை யார் தொட்டாலும் அவற்றுக்குத் தெரியாது. அவளைத் தடுக்கவேண்டும் என்று நினைத்தேன். எதற்காகத் தடுக்கவேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காமல் ஊர் திரும்பினேன்.

குளிர்வித்த அன்று காலையிலிருந்து போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அவளே கூப்பிட்டாள்.

"கசியல மேடம்" என்றாள். அப்புறம் அழுதாள். "எல்லாத்தையும் இழுத்தேன். ஒண்ணு விடல. கடைசி ஃபிளாஞ்சுல டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. நிறுத்திட்டேன். அதும் கசியல."

அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் நானும் அழுதேன். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

அடுத்த அமர்வில்தான் தோன்றியது. தோன்றவைத்தது அளவன்.

"வேம்பார் ஆலையின் ஃபிளாஞ்சுகள் தருவைக்குளத்தின் அதே வயதுடையவை. அதே குழுவினர் பராமரித்தவை. நான் கொடுத்த எண்ணுக்கு மட்டும் முறுக்கப்பட்டுக் குளிர்விக்கப்பட்டன. கசிவு இல்லை. எனவே எண் சரியானது. சாட்சி சந்தனராஜ் கூறியது பொய் எனக் கருத இடமுண்டு. பொய்ச்சாட்சி வழக்குக்குப் பரிந்துரைக்கிறேன்."

விசாரணை முடியட்டும் என்று இயந்திரக் கைகளை நிறுத்திவைத்திருந்த மற்ற கடலோர ஆலைகளுக்கும் இனி அந்த எண்ணை அனுப்பலாம் என்று தலைவர் கருதினார். அவற்றில் ஃபிளாஞ்சுகள் எல்லாம் பழையவை. முறுக்கியவர்கள் வேறு ஊர்க்காரர்கள், வேறு சாமியின் பெயரைச் சொல்லி இழுத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர் கையை வீசிக்கொண்டு நிற்பார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் ஜெனிட்டா உள்ளே போவாள். அவள் மீறியவள், அவள் சொல் தரவில் சேராது. நான் அவள் சொல்லக் கேட்டவள், என் சொல்லும் சேராது. எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர். இந்தச் சட்டத்தில் உண்மை தெரிந்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகள், குற்றவாளி இல்லாதவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பொய்ச்சாட்சி குறித்து சந்தனராஜின் பதிலை வாங்கிவர என்னையே அனுப்பினார்கள். பாளையங்கோட்டை ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது.

"கசியலையாமே" என்றார்.

"கசியலை அண்ணாச்சி."

வலையை நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குத் தோள்பட்ட வீங்கியிருக்கும்" என்றார். "மொத தடவ எல்லாருக்கும் வீங்கும். வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க."

தலையாட்டினேன்.

"இப்போ நா என்ன சொல்லணுங்காவ?"

"முன்னாடி சொன்னது உண்மைதான்னு நீங்க உறுதியா நின்னா, அப்போ வேம்பார் ஏன் கசியலைன்னு கேள்வி வரும். ஃபிளாஞ்சைப் பிரிச்சுப் பாத்தாலும் பாக்கலாம். பாத்துட்டாங்கன்னா எல்லாம் வெளிச்சமாயிரும், மத்த ஆலையெல்லாம் நின்னுரும்."

"பாக்கலாம்ங்கிய. ஜெனிட்டாவ?"

"அவளை விசாரிப்பாங்க. அது மட்டும் நிச்சயம்."

"நா சொன்னது பொய்யின்னு சொல்லிட்டா?"

"பொய்ச்சாட்சிக்குத் தண்டனை. இதைவிடச் சின்னது. வேம்பார்ப் பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க."

அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. "பொய்யினு எழுதிக்கிடுங்க மேடம்."

"அண்ணாச்சி, மத்த ஆலைகள்லயும் ஆள் நிக்கிறாங்க."

"நிக்காவ. அவிய ஒவ்வொருத்தருக்கும் அப்பன் இருப்பான்லா? அவன் அவன் பிள்ளைய அவன் அவன் பாத்துக்கிடட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செல்லக்கனி மதினியும் இத்தத்தான் கேட்டாவ. அன்னைக்கு எனக்குக் காதுல விழல."

எழுதினேன். 'நானும் என் குழுவினரும் ஒருநாளும் குறிப்பிட்ட அளவை மீறி போல்ட் முறுக்கியதில்லை. முன்பு கூறியது பொய்.' வாசித்துக் காட்டினேன். வலையின் இடுக்கு வழியாகப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

குழுவின் முன் அதை வைத்தேன். அளவன் உடனே பதில் சொன்னது. சந்தனராஜ் அளவை மீறவில்லை என்பதால் அவர் மீறலில் ஈடுபட்டவர் இல்லை. மீறலில் ஈடுபடாதவரின் சொல்லைத் தரவில் சேர்க்கத் தடையில்லை. பொய் சொன்னவரின் சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அவருடைய அந்த இரண்டாவது வாக்குமூலத்தை மட்டும் அது ஏற்றுக்கொண்டது.

பொன்னுலிங்கத்தின் போட்டோவை மறுபடி மாட்டச் சொல்லித் தலைவர் ஆணையிட்டார். அன்று மாலை கடலோர ஆலைகள் எல்லாவற்றுக்கும் எண் போய்ச் சேர்ந்தது. எனக்கும் ஒரு நகல் வந்தது. சான்றளித்த பொறியாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள்.